பொருள் வந்தது, சுற்றம் வரவில்லை

சுழல் டயல் தொலைபேசியைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் முன்னால் வைத்து ஓர் எண்ணைப் போடச் சொன்னால் என்ன நடக்கும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்த காட்சிதான். முதலில் துளைக்குள் விரலை விட்டுப் பொத்தான்போல அழுத்திப் பார்க்கும். பிறகு ரிசீவரை எடுக்காமலேயே டயலைச் சுற்றும். சுற்றும் விதம் பிடிபட்ட பிறகும், கடைசிவரை இழுத்த விரலை எடுக்காமல் டயலோடு சேர்த்தே திரும்பக் கொண்டுவரும். பக்கத்தில் நிற்கும் பெரியவர் சிரிப்பார். கொஞ்சம் உரக்கவே சிரிப்பார். போன வாரம் கைபேசியில் ஏதோ ஒன்றைத் தேடித் தடுமாறியபோது அவரைப் பார்த்துச் சிரித்தது இதே பிள்ளைதான்.

சிரிப்பு அடங்கியதும் பிள்ளை கேட்கும்: "விரலை எடுக்கலைன்னா என்ன ஆகும்?" பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எடுக்கணும், அவ்வளவுதான்" என்பார். முப்பது வருடம் டயல் சுற்றிய கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை.

விடை இதுதான். நாம் டயலை இழுக்கும்போது எண் எங்கும் போவதில்லை. உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கேறுகிறது, அவ்வளவே. விரலை விட்டதும் டயல் தானாகத் திரும்புகிறது அல்லவா, அப்போதுதான் கம்பியில் ஓடும் மின்சாரம் விட்டுவிட்டுத் துண்டிக்கப்படுகிறது. 3 என்றால் மூன்று துண்டிப்பு, 9 என்றால் ஒன்பது, பெரும்பாலான நாடுகளில் 0 என்றால் பத்து. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் இயந்திரம் அவற்றை எண்ணுகிறது. விநாடிக்குச் சுமார் பத்து என்ற கணக்கில் வந்தால்தான் அதற்குப் புரியும். அந்த வேகத்தைக் காப்பதற்கென்றே டயலுக்குள் ஒரு குட்டி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி சுழல்கிறது. விரலால் தள்ளினால் கணக்குத் தப்பும், அழைப்பு வேறு யார் வீட்டுக்கோ போகும். ரிசீவரை எடுக்காவிட்டாலோ மின்சுற்றே மூடாது, எண்ணுவதற்கு மறுமுனையில் யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

இந்த நிதானமான எண்ணிக்கை ஒரு நாட்டின் எண் வரைபடத்தையே தீர்மானித்திருக்கிறது. 1947இல் அமெரிக்காவில் பகுதிக் குறியீடுகளை வகுத்தபோது அதிக அழைப்புகள் போகும் நியூயார்க்குக்கு 212 கிடைத்தது. 2, 1, 2 என்று மொத்தம் ஐந்தே துண்டிப்புகள்; இவற்றைத்தான் துடிப்பு என்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸுக்கு 213, சிகாகோவுக்கு 312. டயல் போனபின்னும் அந்த எண்கள் அப்படியே இருக்கின்றன.

இவ்வளவும் சொல்லக் காரணம், அந்தத் தொலைபேசி தனியாக ஒரு பொருளே அல்ல என்பது. மேசைமேல் இருந்தது அதன் ஒரு நுனி. மீதி எல்லாம் சுவருக்குப் பின்னால் ஓடிய கம்பியிலும், எக்ஸ்சேஞ்சிலும், பழுது வந்தால் பையோடு வரும் லைன்மேனிடமும் இருந்தது. எந்தக் கருவிக்கும் இப்படி ஒரு சுற்றம் உண்டு. கேமராவுக்கு பிலிம் கழுவும் லேப், இசைத்தட்டுக்கு ஊசியும் ஆம்ப்ளிஃபயரும், வீடியோ கேசட்டுக்கு ஹெட் துடைத்துக் கொடுக்கும் மெக்கானிக். இளையவர்கள் இன்று தேடி எடுப்பது பொருளை. பெரியவர்களுக்கு நினைவில் இருப்பது சுற்றம். இருவரும் ஒரே பெட்டியைப் பார்த்துக்கொண்டு வேறுவேறு விஷயத்தைப் பேசுவதாக எனக்குத் தோன்றுவது இதனால்தான். "எவ்வளவு அழகா இருக்கு" என்று பேத்தி சொல்லும்போது, இணைப்புக்காகக் காத்திருந்த நாட்களும் மழைக்குச் செத்துப்போன லைனும்தான் தாத்தாவுக்கு ஞாபகம் வருகின்றன.

அந்தச் சுழல் டயல் தொலைபேசியை இன்றைய இணையவழி இணைப்புப் பெட்டியில் செருகினால் பல நேரம் ஒரு வேடிக்கை நடக்கும். மணி கணீரென்று அடிக்கும், எடுத்துப் பேசலாம். ஆனால் அதிலிருந்து யாரையும் அழைக்க முடியாது. பொத்தான் தொலைபேசி எழுப்பும் தொனியை மட்டுமே அறிந்த அந்தப் பெட்டிகளில் பலவற்றுக்குத் துடிப்பு மொழி தெரியாது. கைபேசிக்கும் இதே கதிதான். 2000இல் வந்த நோக்கியா 3310ஐ 2017இல் மறுபடி வெளியிட்டபோது ஆர்ப்பாட்டமான வரவேற்பு. முதலில் வந்தது 2ஜி மட்டும் உள்ள மாதிரி. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி, ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா ஆகிய தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் 2ஜி சேவையை மூடி அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதே ஆண்டிலேயே 3ஜி மாதிரி ஒன்றையும் கொண்டுவரவேண்டியதாயிற்று. கீழே போட்டால் உடையாத கைபேசி என்று பெயரெடுத்ததுதான், ஆனால் கோபுரம் இல்லாமல் அது என்ன செய்யும்?

சுற்றம் செத்துப்போன பொருளுக்கு மிகத் துல்லியமான எடுத்துக்காட்டு கோடாக்ரோம். கோடாக் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த வண்ண பிலிம். மற்ற வண்ண பிலிம்களில் நிறத்தை உண்டாக்கும் வேதிப்பொருள் பிலிமிலேயே இருக்கும், கோடாக்ரோமில் அதைக் கழுவும்போதுதான் சேர்க்கவேண்டும். அதனால் அதைக் கழுவுவதற்கென்றே தனி இயந்திரங்கள் கொண்ட லேப்கள் தேவைப்பட்டன. 2009இல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். உலகில் கடைசியாக அதைக் கழுவிக்கொண்டிருந்த கான்சாஸ் மாநிலத்து லேப் 2010 டிசம்பர் 30 வரை வந்த ரோல்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு ஏதோ ஓர் இழுப்பறையில் கிடைக்கும் ரோலைக் கறுப்பு வெள்ளையாகக் கழுவிப் பார்க்கலாம். நிறம் அதற்குள் கிடையாது. பழைய கேமரா வாங்கிய இளைஞர் உள்ளே ஒரு கோடாக்ரோம் ரோலைக் கண்டு துள்ளிக் குதித்தால் பெரியவர் ஏன் முகம் வாடுகிறார் என்பதற்கு இதுதான் காரணம்.

இசைத்தட்டின் கதை வேறு. அதன் சுற்றம் கொஞ்சம் உயிரோடு இருந்தது, இப்போது ஊட்டம் பெற்றுவிட்டது. அமெரிக்காவில் 2022இல் சுமார் 4.1 கோடி இசைத்தட்டுகள் விற்றன, குறுந்தகடுகள் 3.3 கோடி. எண்ணிக்கையில் தட்டு குறுந்தகட்டை முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஆனாலும் தட்டு வாங்கியவர் வீட்டில் அடிக்கடி ஒரு குழப்பம் நேர்கிறது. இரண்டாம் கையாக ஒரு நல்ல பிளேயரை வாங்கி ஸ்பீக்கரில் நேராகச் செருகுகிறார். வரும் ஒலியோ கிசுகிசுப்பாக, தகரத்தைத் தட்டியதுபோல இருக்கிறது. "இதுக்கா இவ்வளவு பெருமை?"

குற்றம் தட்டில் இல்லை. தட்டின் பள்ளத்தில் தாழ்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி அரை மணி நேரப் பாட்டு ஒரு பக்கத்தில் அடங்காது, ஊசியும் துள்ளும். அதனால் வெட்டும்போதே தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதற்கு 1954 முதல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் அளவுகோல் உண்டு. கேட்கும்போது அதைத் தலைகீழாக்கவேண்டும். ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் மின்சாரத்தைப் பெருக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் செய்வதற்காகத்தான் பழைய ஆம்ப்ளிஃபயர்களின் முதுகில் 'ஃபோனோ' என்று எழுதிய தனித் துளை இருந்தது. எழுபதுகளில் பாட்டுக் கேட்டவர் யோசிக்காமல் வயரை அதில் செருகினார். ஏன் என்று அவரும் கேட்டதில்லை. சுற்றம் முழுசாக இருக்கும்போது யாரும் எதையும் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருப்பதில்லை.

இந்த மறுமலர்ச்சி எவ்வளவு மெல்லிய கால்களில் நிற்கிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். தட்டு அச்சடிப்பதற்கு முன் மெழுகுபோன்ற மென்பூச்சுள்ள ஒரு மூலத்தட்டில் பள்ளம் வெட்டுவது வழக்கமான முறை. அந்த மூலத்தட்டைச் செய்ய உலகில் இருந்தவை இரண்டே ஆலைகள். கலிபோர்னியாவில் இருந்தது 2020 பிப்ரவரியில் தீப்பற்றி அழிந்தது. மீதி ஜப்பானில் ஒன்று. விற்பனை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது இது.

ஆனால் இளையவர்கள் சுற்றமே இல்லாமல் நிற்கிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. தங்களுக்கென்று வேறொரு சுற்றத்தை அவர்கள் கட்டிக்கொள்கிறார்கள். பெரியவர்களை உண்மையாகவே எரிச்சல்படுத்துவது இதுதான். இசைச் சந்தையை அளக்கும் லூமினேட் நிறுவனம் 2023இல் ஒரு விவரம் சொன்னது: அமெரிக்காவில் இசைத்தட்டு வாங்கியவர்களில் பாதிப் பேரிடம்தான் அதைச் சுழற்றும் பிளேயர் இருந்தது. "பாட்டே கேட்காம எதுக்குடா தட்டு?" என்று கேட்காத பெரியவர் இல்லை. பாட்டு அவர்களுக்குக் கைபேசியில் கிடைக்கிறது. அங்கே எதுவும் அவர்களுடையது அல்ல. மாதச் சந்தா நின்றால் பாட்டும் நிற்கும், உரிமம் முடிந்தால் ஒரு நாள் காலையில் ஆல்பமே காணாமல் போகும். தட்டு யாரும் திருப்பிக் கேட்க முடியாத பொருள். கேட்பதற்கு ஓரிடம், வைத்துக்கொள்வதற்கு வேறோரிடம் என்று பிரித்துவிட்டார்கள். பெரியவர் காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான். இதில் முட்டாள்தனம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

பிலிமிலும் அப்படியே. லேப்பில் கழுவி ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் வந்ததும் பலர் நெகட்டிவை வாங்கவே திரும்ப வருவதில்லை. பெரியவர்களுக்கு நெஞ்சு பதறுகிறது. நெகட்டிவ்தான் படம், பிரிண்ட் அதன் நகல் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். பெட்டியில் உறைபோட்டு எண்ணெழுதி வைத்தவர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் பெரியவர்கள் பக்கம். ஸ்கேன் கோப்பு நாளைக்கு எந்தக் கைபேசியோடு தொலையும் என்று தெரியாது, நெகட்டிவை ஐம்பது வருடம் கழித்தும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம்.

பிறகு அந்தத் தேர்வு. பென்சிலுக்கும் கேசட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, தெரியாதவர்களைப் பார்த்துப் புன்னகைக்கும் வழக்கம். கேசட்டின் சக்கரத் துளையில் ஆறு பற்கள், பென்சிலுக்கு ஆறு பக்கம், அதனால் சரியாகப் பிடிக்கும். வெளியே வந்துவிட்ட நாடாவை உள்ளே சுற்றலாம், பேட்டரியை மிச்சம்பிடித்து ரீவைண்டும் செய்யலாம். கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பதுகளில் இருப்பவர்கள். எழுபதைத் தாண்டியவர்கள் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்களுக்குக் கேசட்டும் நேற்று வந்த பொருள்.

இந்தத் தேர்வு வைப்பவர்கள் மறந்துபோன ஒன்றும் உண்டு. 1979 ஜூலையில் சோனி வாக்மேன் வந்தபோது அன்றைய பெரியவர்கள் அதைக் கொண்டாடவில்லை. காதை அடைத்துக்கொண்டு பிள்ளைகள் தனி உலகத்தில் திரிகிறார்கள், கூப்பிட்டால் கேட்பதில்லை என்பதுதான் அன்றைய புகார். தயாரித்தவர்களுக்கே அந்தக் கூச்சம் இருந்திருக்கிறது. ஒருவர் மட்டும் கேட்பது மரியாதைக் குறைவு என்று முதல் மாடலில் இரண்டு ஹெட்ஃபோன் துளைகள் வைத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு அடங்கி, பக்கத்தில் இருப்பவர் பேசுவது மைக் வழியாகக் காதில் கேட்கும். பிள்ளைகளைத் தனிமைப்படுத்துகிறது என்று திட்டு வாங்கிய அதே கருவியை, இன்று கைபேசியிலிருந்து தப்பிக்கும் வழியாகப் பதினாறு வயதுப் பெண் கையில் எடுக்கிறாள். அதைப் பார்த்து "இதுதான் சரி" என்று தலையாட்டுபவர், அன்று திட்டு வாங்கிய பையன்.

கடந்தகால ஏக்கத்துக்கு ஐரோப்பிய மொழிகள் வைத்திருக்கும் 'நோஸ்டால்ஜியா' என்ற சொல்லை 1688இல் யோஹானெஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரில் எழுதிய ஆய்வில் உண்டாக்கினார். அப்போது அது ஒரு நோயின் பெயர். சொந்த ஊரைவிட்டு வந்தவர்கள் ஊர் நினைப்பில் உருகி நோயாய்ப் படுப்பது. அதற்கு முதலில் ஊர் ஒன்று இருந்திருக்கவேண்டும். பிறப்பதற்கு முன்பே வழக்கொழிந்த கருவியைத் தேடும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பொருந்தாது. அவர்கள் திரும்பிப் போகவில்லை, முதல் தடவையாக வருகிறார்கள். ஏக்கம் முழுக்கப் பெரியவர்களுடையது. அதைப் பிள்ளைகளின் ஆர்வத்தின் மேல் ஏற்றிவைத்து, "நீங்க எங்க காலத்துக்கு ஆசைப்படறீங்க" என்று சொல்லும்போதுதான் இருவருக்கும் பேச்சு முறிகிறது.

பழசு என்பதன் வயதும் குறைந்துகொண்டே வருகிறது. இப்போது தேடப்படுவது 2000களின் தொடக்கத்தில் வந்த சிறிய டிஜிட்டல் கேமரா. முகத்தில் வெள்ளையாக அறையும் ஃபிளாஷ், கொஞ்சம் மங்கிய நிறம். இதைத் தூக்கிப்போட்டு பத்துப் பதினைந்து வருடம்கூட ஆகாத அப்பாக்களுக்கு இந்த மோகம் புரியவே இல்லை. பிலிமைப் பழம்பொருள் என்று ஏற்றுக்கொள்ள முடிகிறது, இதை முடியவில்லை. "இது மோசமா எடுக்குதுன்னுதானே போன் வாங்கினோம்?" ஆனால் பிள்ளை 64 ஜிபி நினைவக அட்டையைச் செருகி, கேமரா ஏற்க மறுத்ததும் தேடிப்போவது இந்த அப்பாவைத்தான். பழைய எஸ்டி முறை 2 ஜிபியோடு நின்றது, அதற்கு மேற்பட்ட எஸ்டிஎச்சி 2006இல் வந்த வேறு முறை. அதற்கு முந்தைய கேமராவுக்குச் சின்ன அட்டைதான் வேண்டும். சில கேமராக்களுக்கு எக்ஸ்டி, சிலவற்றுக்கு மெமரி ஸ்டிக் என்று இன்று தேடினாலும் எளிதில் கிடைக்காத அட்டைகள். அப்பா அலமாரியின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கிறார். அவர் முகத்தில் அப்போது வருவதைக் கேலி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு விளையாட்டை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். நின்டெண்டோ வீடியோ கேம் கருவியின் 'டக் ஹன்ட்'. பிளாஸ்டிக் துப்பாக்கியால் திரையில் பறக்கும் வாத்தைச் சுடவேண்டும். சின்ன வயதில் அதில் சூரராக இருந்த ஒருவர், மகனுக்குக் காட்ட பழைய கருவியை வாங்கி வீட்டுத் தட்டைத் திரையில் மாட்டினால் ஒரு வாத்துகூட விழாது. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளியுணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். பிக்சர் டியூப் டிவியில் சிக்னல் வந்த கணமே திரை ஒளிரும். தட்டைத் திரை படத்தை வாங்கி, அலசி, பிறகுதான் காட்டுகிறது. அந்த நொடித்துளித் தாமதத்தில் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, டிவிதான் மாறிவிட்டது.

பொழுதுபோக்கைத் தாண்டிய பக்கமும் இதற்கு உண்டு. வீடியோ கேசட் இயக்கும் கருவியைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. பாகம் கிடைக்கவில்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், 2025க்குள் டிஜிட்டலாக மாற்றப்படாத காந்த நாடாக்களில் பெரும்பாலானவை இழக்கப்படும் என்று எச்சரித்திருந்தது. நாடா சிதைவது மட்டும் அதற்குக் காரணம் அல்ல. ஓட்டும் கருவிகள் தீர்கின்றன, உதிரிப் பாகங்கள் தீர்கின்றன, அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விடுகிறார்கள். புத்தகத்தில் எழுதப்படாத அறிவு அது. எந்தச் சத்தம் வந்தால் பெல்ட் இளகியிருக்கிறது, எது ரப்பர் உருளையின் தேய்மானம் என்பதெல்லாம் காதிலும் விரலிலும்தான் இருக்கிறது. பழைய கேசட் டெக்கை மடியில் வைத்துக்கொண்டு திருகாணியைக் கழற்றும் இருபது வயதுப் பிள்ளைக்கு விளையாட்டாகத் தெரியும் காரியத்துக்கு, ஆவணக் காப்பகங்களில் ஆள் கிடைப்பதில்லை.

அந்தப் பிள்ளை டெக்கை எப்படியோ ஓட வைத்து, ஒரு புதுக் கேசட்டில் நண்பனுக்காக ஒரு பாட்டைப் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். போட்டுக் கேட்டால் பல்லவியின் முதல் சொற்களைக் காணோம். மறுபடி பதிவு, மறுபடி காணோம். டெக்கில்தான் கோளாறு என்று திரும்பவும் திருகாணியைத் தேடும். பெரியவர் எதுவும் சொல்லாமல் கேசட்டைக் கையில் வாங்குகிறார். நாடாவின் தொடக்கத்தில் ஒளி ஊடுருவும் ஒரு துண்டு பிளாஸ்டிக் இருக்கும். அதில் காந்தப் பூச்சு கிடையாது, எதுவும் பதியாது. விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது கடந்துபோகச் சில விநாடிகள் ஆகும். இதெல்லாம் அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான். சுண்டுவிரலைச் சக்கரத்துக்குள் விட்டு, பழுப்பு நாடா கண்ணுக்குத் தெரியும்வரை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, திருப்பிக் கொடுக்கிறார்.

"இப்ப போடு."